வண்டு பேசாது என்று எழுதிய நடுவர்களுக்கு

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கும் ஏற்பாட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம். மலேசியாவின் சிலாங்கூரில், பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். பத்தாங் பெர்சுந்தை என்று சொன்னால்தான் எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கே புரியும். பெயர்ப்பலகை மாறியும் வாய் மாறவில்லை. கடைவரிசையில் நகல் எடுத்துக் கொடுப்பதும் நோட்டுப் புத்தகம், பேனா விற்பதும் என் பிழைப்பு. சனிக்கிழமை மதியம் கடையின் பின்னறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். கதை படிப்போம், சில நாள் எழுதுவோம், பல நாள் சண்டை போடுவோம். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பிள்ளைகளுக்கு நான் இன்னும் அக்காதான்; அவர்களுடைய அம்மாக்கள் அப்படிக் கூப்பிட்டுப் பழகியதால் வந்தது.

நீங்கள் நடத்திய சிறுவர் அறிவியல் புனைகதைப் போட்டிக்கு இந்தப் பின்னறையிலிருந்து மூன்று கதைகள் அனுப்பினோம். இரண்டு தோற்றன. அவை தோற்க வேண்டிய கதைகள்தான், எழுதியவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது தோற்கக்கூட இல்லை, போட்டியிலிருந்தே விலக்கப்பட்டது. மதிப்பெண் கட்டங்கள் காலி. கீழே ஒரு வரி: "வண்டு பேசுவது அறிவியலுக்குப் புறம்பானது. இது மாயக்கதை. பிரிவுக்குப் பொருந்தாது."

அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல். போட்டியின் பெயரையும் உங்கள் பெயர்களையும் நான் எழுதவில்லை. சம்பளம் இல்லாமல் கட்டுக் கட்டாகப் பிள்ளைகளின் கையெழுத்தைப் படிக்கிறவர்களைச் சந்தியில் நிறுத்த எனக்கு மனம் வராது. அந்தக் கையெழுத்துகளை நானும் பார்க்கிறேன்.

கதையை எழுதியவள் தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். கதாநாயகிக்கு அவள் வைத்த பெயர் மீனா. அதனால் அவளையும் மீனா என்றே சொல்லிவிடுகிறேன்.

ஒரு செம்பனைத் தோட்டம், பாமாயில் எடுக்கிற பனை. திடீரென்று குலைகள் சரியாகக் காய்க்கவில்லை. காம்பும் முள்ளும் இருக்கின்றன, பழம் அங்கொன்றும் இங்கொன்றும். மேனேஜர் உரம் போதவில்லை என்கிறார். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மழையைக் குறை சொல்கிறார். கோயிலில் பூசை போடுகிறார்கள். மீனாவின் பாட்டிக்குக் காது மந்தம். பழுதான காது மிஷினை மீனா ஒரு பழைய கைப்பேசியின் உள்பாகங்களை வைத்துச் சரிசெய்யப் போக, அது சத்தத்தைப் பிடிப்பதை விட்டுவிட்டு மணத்தைப் பிடித்துச் சொல்லாக மாற்ற ஆரம்பிக்கிறது. அதை மாட்டிக்கொண்டு நிரைக்குள் போகிறாள். செம்பனைப் பூவில் இருக்கும் வண்டுகள் பேசுவது கேட்கிறது. அவை வேலைநிறுத்தத்தில் இருக்கின்றன. ஆறு மாதமாக. கோரிக்கைகள் இரண்டே: ஞாயிற்றுக்கிழமை விடுப்பு வேண்டும், ஆப்பிரிக்காவில் கேமரூனில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வர எங்கள் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

பாஸ்போர்ட் விஷயத்தை அவள் எங்கிருந்து பிடித்தாள் என்று நான் கேட்கவில்லை. தோட்டத்தில் இப்போது குலை வெட்டுவதும் உதிரிப் பழம் பொறுக்குவதும் பெரும்பாலும் வெளிநாட்டு அண்ணன்மார். அவர்கள் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

ஆனால் வண்டை எங்கிருந்து பிடித்தாள் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய பாட்டியிடமிருந்து.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917-இல் மலாயாவில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டது அங்கேதான். பெயர் தென்னை, நட்டது செம்பனை. அதற்கு யாரும் மாயக்கதை என்று பெயர் வைக்கவில்லை. நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்பாடு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கொங்கூர் விருதையும் வாங்கிக்கொண்டார். பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது. பாட்டிக்குத் தெரிந்தது தூள் டப்பா.

1970களில் செம்பனை இங்கே தானாகச் சரியாகக் காய்க்காது. ஆண் பூ தனி, பெண் பூ தனி. இரண்டும் ஒரே மரத்தில் வந்தாலும் ஒரே சமயத்தில் விரிவது அபூர்வம். காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் மகரந்தம் போதவில்லை. ஆகவே அந்த வேலையை ஆட்கள் செய்தார்கள். ஆண் பூவை உலுக்கி மகரந்தம் எடுத்து, காயவைத்துச் சலித்து, முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரியான டால்கம் தூளோடு கலந்து, பீய்ச்சும் டப்பாவில் போட்டுக் கொடுப்பார்கள். மரம் மரமாகப் போய், மட்டை முள்ளை விலக்கி, விரிந்திருக்கும் பெண் பூவைத் தேடி ஊதவேண்டும். பூ ஏற்கும் நிலையில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான். தவறவிட்டால் அந்தக் குலை போச்சு.

"காலையில பெரட்டுல பேர் கூப்பிட்டு முடிஞ்சு உள்ள போனா மத்தியானம் வெளிய வரும்போது எல்லாப் பொம்பளையும் வெள்ளையாத்தான் வருவோம்" என்று பாட்டி என் கடையில் உட்கார்ந்து சொன்னார். "கண்ணிமை, மூக்கு, சேலை மடிப்பு எல்லாம் பவுடரு. முள்ளு கிழிச்ச எடத்துல மட்டும் செவப்பா இருக்கும். வெள்ளைக்காரத் துரைகூட அவ்வளவு வெள்ளை இல்ல." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அப்புறம் வலது கையை நீட்டிக் கட்டைவிரலால் இல்லாத ஒரு டப்பாவை மூன்று முறை அழுத்திக் காட்டினார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் விரலுக்கு அந்தக் கணக்கு மறக்கவில்லை.

1981-இல் ஒரு வண்டு வந்தது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளக் கூன்வண்டு. ஆப்பிரிக்காவில் செம்பனையின் தாய்மண்ணில் காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று பலகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். சையது என்ற பூச்சியியலாளர் கேமரூனில் உட்கார்ந்து பார்த்து, காற்று இல்லை, இந்த வண்டுகள்தான் என்று கண்டுபிடித்தார். வேறு பயிரைத் தின்றுவிடுமா என்று சோதித்துவிட்டு ஜொகூரில் விட்டார்கள். பெருகிப் பரவி நாடு முழுக்கப் போய்விட்டது. காய்ப்பு கூடியது. தூள் டப்பாக்கள் ஸ்டோருக்குள் போயின. பாட்டிக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் அந்த வேலை இல்லாமல் போயிற்று.

"ஆளையா வரவச்சான்? வண்டை வரவச்சான். சம்பளம் கிடையாது, லயத்துல வீடு கிடையாது, சண்டை போடாது." பாட்டி சொன்ன இந்தச் சொல்லின் முடிவைப் பிடித்துத்தான் அவர் பேத்தி கேட்டிருக்கிறாள்: சண்டை போட்டால்?

நடுவர்களே, அறிவியல் புனைகதை என்பதற்கு நீங்கள் வைத்திருக்கும் இலக்கணம் எதுவாகவும் இருக்கட்டும். உலகத்தில் உண்மையாக நடந்த ஒரு தொழில்நுட்ப மாற்றத்தை எடுத்து, அதில் ஒரே ஒரு திருகாணியைத் திருப்பி, அப்புறம் என்ன ஆகும் என்று கேட்பதை விடவா பெரிய இலக்கணம் இருக்கப்போகிறது?

மணத்தையும் பாருங்கள். செம்பனைப் பூ சோம்பு வாசம் வீசும். உவமைக்குச் சொல்லவில்லை, சோம்புக்கு அந்த வாசம் தருகிற வகைப் பொருள்தான் பூவிலும் இருக்கிறது, எஸ்ட்ரகோல் என்று பெயர். வண்டு அதை வைத்தே பூவைக் கண்டுபிடிக்கிறது. ஆண் பூவில்தான் அதற்குச் சாப்பாடும் குடித்தனமும். பெண் பூ அதே வாசத்தை இடையிடையே வீசி அதை ஏமாற்றி வரவழைக்கிறது. வந்த வண்டு ஒன்றும் கிடைக்காமல், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதறிவிட்டுத் திரும்பிப் போகிறது. அந்த உலகத்தில் பேச்சு என்றால் மணம்தான். மீனா வண்டின் வாயில் வசனத்தை வைக்கவில்லை. மணத்தைச் சொல்லாக்கும் ஒரு கருவியை நடுவில் வைத்தாள். நான்காம் ஆண்டுப் பிள்ளை. எனக்கு அந்த இடத்தைத் தட்டச்சு செய்யும்போது கை நின்றுவிட்டது.

அதைவிட முக்கியம் அந்த ஆறு மாதம். வண்டு வேலையை நிறுத்தினால் மறுநாள் தோட்டத்தில் ஒன்றும் தெரியாது. மகரந்தம் சேர்ந்த பூ பழுத்த குலையாக ஏறத்தாழ ஐந்தாறு மாதம் ஆகும். ஆகவே நிறுத்தம் தொடங்கிய பிறகும் பழைய குலைகள் வழக்கம்போல வந்துகொண்டே இருக்கும். லோரி ஆலைக்குப் போய்க்கொண்டே இருக்கும். கதையில் இப்படி ஒரு வரி உண்டு: "ஆறு மாசம் யாருக்கும் தெரியல. வண்டுங்களுக்குக் கோவம் வந்துச்சு, நாம வேலை செய்யலன்னுகூட இவங்களுக்குத் தெரியலயேன்னு." அவள் அப்பா குலை வெட்டுகிறவர். கணக்கு வீட்டிலேயே இருக்கிறது. இது உங்கள் கண்ணில் படவில்லை. வண்டு பேசியது மட்டும் பட்டுவிட்டது.

முதல் பரிசு பெற்ற கதையையும் படித்தேன். எழுதிய பையன் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை, துறுதுறுவென்று எழுதியிருக்கிறான், அவனுக்கு என் வாழ்த்து. ஆனால் உங்களிடம் கேட்கவேண்டியது இருக்கிறது. அதில் காலை உணவுக்குப் பிறகு ராக்கெட்டில் ஏறியவர்கள் அரைமணி நேரத்தில் செவ்வாயில் இறங்குகிறார்கள். செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வரும்போதே சுமார் 5.5 கோடி கிலோமீட்டர் தூரம். அரைமணியில் போகவேண்டுமென்றால் நொடிக்கு 30,000 கிலோமீட்டர், ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு. இன்றைய விண்கலங்கள் ஆறேழு மாதம் எடுத்துக்கொள்கின்றன. போகிற வழியில் எதிரிக் கப்பல் 'டமார்' என்று வெடிக்கிறது. காற்றில்லாத இடத்தில் அந்த டமாரைக் கேட்டது யார்? இதற்கெல்லாம் நீங்கள் புறம்பு என்று எழுதவில்லை. ராக்கெட் இருந்ததால் அறிவியல் ஆகிவிட்டது. வண்டு இருந்ததால் மாயம் ஆகிவிட்டது. உடுப்பைப் பார்த்து ஆளைச் சேர்க்கிற திருமண மண்டபக் கணக்கு இது.

இந்தச் சண்டை உங்களோடு தொடங்கியதும் இல்லை. ஜூல் வெர்ன் 1865-இல் ஒரு நாவலில் ஆட்களைப் பீரங்கியில் வைத்து நிலவுக்குச் சுட்டார். எச்.ஜி. வெல்ஸ் 1901-இல், ஈர்ப்பைத் தடுக்கும் ஒரு பொருளைக் கற்பனையாகச் செய்து அதில் ஆட்களை ஏற்றி அனுப்பினார். கிழவர் வெர்னுக்குக் கோபம். நான் வெடிமருந்தில் போகிறேன், இவர் இல்லாத உலோகத்தில் போகிறார், எங்கே அந்த உலோகத்தைக் காட்டச் சொல்லுங்கள் என்று 1903-இல் ஒரு பேட்டியில் பொரிந்து தள்ளினார். சரி, வெர்னின் பீரங்கியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாயின் நீளம் 900 அடி. அதற்குள் நொடிக்குப் பதினோரு கிலோமீட்டர் வேகம் எடுக்கவேண்டும். உள்ளே இருக்கிறவர் மேல் அவருடைய எடையைப் போல இருபதாயிரம் மடங்கு அழுத்தம் விழும். நிலவுக்குப் போவது இருக்கட்டும், குழாயை விட்டு வெளியே வரும்போதே தோசைமாவு. அறிவியல் என் பக்கம் என்று சொன்னவரின் நிலைமை இது. அவரை நான் இன்னும் ரசித்துத்தான் படிக்கிறேன்.

வெல்ஸ் பிற்காலத்தில், 1933-இல், தன் கதைகளுக்கு எழுதிய முன்னுரையில் ஒரு யோசனை சொன்னார். கதையில் நம்பமுடியாத விஷயம் ஒன்றே ஒன்று இருக்கலாம், மற்றதெல்லாம் நம் வீட்டு வாசலில் நடப்பது போல இருக்கவேண்டும். எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால் எதிலும் சுவை இருக்காது. மீனாவுக்கு இதை நான் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் கெடுத்திருப்பேன். அவள் கதையில் இருக்கும் ஒரே பொய் அந்தக் காது மிஷின்.

மிகவும் முன்னேறிய தொழில்நுட்பத்தை மாயத்திலிருந்து பிரித்தறிய முடியாது என்று எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் சொன்ன அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தை இங்கே இழுக்கப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இழுக்கவில்லை. எல்லாரும் இழுத்து இழுத்து நூலாகிவிட்டது.

பிள்ளைகளிடமே கேட்டேன். உங்கள் முடிவு வந்த அடுத்த சனிக்கிழமை, எது அறிவியல் கதை, எது மாயக்கதை, எப்படிப் பிரிப்பீர்கள் என்று. பட்டென்று ஒருவன் சொன்னான், "பேட்டரி போட்டா அறிவியல், மந்திரம் போட்டா மாயம்." அது உங்கள் விதிதான், கொஞ்சம் தெளிவாக. உடனே ஒருத்தி, "பேட்டரி தீந்து போச்சுன்னா?" என்றாள். அவள் எந்த அர்த்தத்தில் கேட்டாளோ, எனக்கு அது சரியான கேள்வியாகப் பட்டது. பேட்டரி தீர்ந்தால் கதையில் ஏதாவது நடக்கவேண்டும். தீரவே தீராத பேட்டரியும் மந்திரக்கோலும் ஒன்றுதான்.

அப்புறம் டோராயேமானைப் பற்றி அரைமணி நேரம் சண்டை. 22-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த ரோபோ பூனை, வயிற்றுப் பையில் கையை விட்டால் கேட்டது வரும். ரோபோ என்பதால் அறிவியல் என்று ஒரு கட்சி. அந்தப் பை விநாயகர் வயிறு மாதிரி என்பதால் மாயம் என்று இன்னொரு கட்சி. அதை உருவாக்கிய ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ தன் கதைகளுக்கு எஸ்.எஃப். என்ற எழுத்துகளை வேறு மாதிரி விரித்தார்: ஜப்பானியத்தில் 'சுக்கோஷி ஃபுஷிகி'. கொஞ்சம் விசித்திரம், அவ்வளவுதான். போபோய்போய் என்று நம் நாட்டிலேயே 2011-இல் வந்த கார்ட்டூனும் பிள்ளைகளுக்குத் தெரியும். அதில் வேற்றுக்கிரகவாசி பூமிக்கு வருவது கொக்கோவுக்காக. நம் கொக்கோ அவனுக்கு எரிசக்தி. அடுத்தவன் மண்ணில் விளைவதற்காகக் கடல் கடந்து வருகிற கதை தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பனையாகவே தோன்றுவதில்லை. மரமும் வெளியூர், வண்டும் வெளியூர், கொள்ளுத்தாத்தாவும் வெளியூர்.

நம் தமிழிலும் இந்த வேலி எப்போதும் ஆட்டம்தான். பஞ்சதந்திரத்தில் நாய் பேசினால் நீதிக்கதை, சுஜாதாவின் ரோபோ நாய் ஜீனோ பேசினால் அறிவியல் புனைகதை. என் சித்தப்பா பெட்டிக்கடியில் ஒளித்து வைத்திருந்த முத்து காமிக்ஸ் புத்தகங்களில், 1972-இலிருந்து தமிழில் சுற்றிவந்த அந்த நாயகன் யார்? ஆய்வகத்து விபத்தில் கையிழந்து இரும்புக்கை பெற்றவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். விபத்து, மின்சாரம், ஆய்வகம் எல்லாம் பக்கா அறிவியல். தமிழில் வைத்த பெயர் இரும்புக்கை மாயாவி. மாயாவி! யாரும் அன்றைக்குப் பிரிவு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பவில்லை, நல்லவேளை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கொஞ்சம் சிரிக்காமல் கேளுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த நாம் எல்லோரும் தன்கதை எழுதியிருக்கிறோம். நான் ஒரு மிதிவண்டி. நான் ஒரு காலணி. நான் ஒரு பள்ளிப்பை. அந்த மிதிவண்டி தொழிற்சாலையில் பிறக்கும், கடைக்கு வரும், நல்ல எசமானரிடம் சேரும், கடைசியில் துருப்பிடித்துக் குப்பையில் கிடந்து கண்ணீர் விடும். முழு மதிப்பெண். மிதிவண்டி அழலாம், வண்டு ஞாயிற்றுக்கிழமை விடுப்புக் கேட்கக்கூடாது. இது எந்தப் பாடநூலில் இருக்கிறது?

இப்படிச் சொல்வதால் வேலியே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலி தேவைப்படும் இடம் எனக்கும் தெரியும். போன வருஷம் ஒரு பையன், தாத்தாவின் சர்க்கரை நோய் திருநீற்றுத் தண்ணீரில் குணமாவதாகக் கதை எழுதி வந்தான். தாத்தா ஊசியை நிறுத்திவிடுகிறார், எழுந்து ஓடுகிறார், சுபம். அதை நான் அனுப்பவில்லை. அவனை உட்காரவைத்துப் பேசினேன். அந்தக் கதையில் பறக்கும் யானை இருந்திருந்தால் எனக்குக் கவலை இல்லை. யானை பறக்கும் என்று நம்பி யாரும் மாடியிலிருந்து யானையைத் தள்ளப்போவதில்லை. ஊசியை நிறுத்துகிறவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். அதேபோல் புஷ்பக விமானத்தைக் காட்டி அன்றே நம்மிடம் விமானம் இருந்தது என்று வகுப்பில் சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. கதை கதையாக இருக்கும்வரை கேட்க நன்றாக இருக்கிறது. மருந்துச் சீட்டாகவும் வரலாறாகவும் வேடம் போடும்போதுதான் வேலி வேண்டும். நீங்கள் வேலியை அங்கே போடாமல் பூந்தோட்டத்துக்கு நடுவில் போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஏழாவது விதி, "கதையில் வரும் அறிவியல் கூறுகள் நிரூபிக்கப்பட்டவையாக இருத்தல் வேண்டும்" என்கிறது. நிரூபிக்கப்பட்டதை மட்டும் எழுதினால் அது செய்தி, அல்லது பாடநூல். நிரூபணம் எவ்வளவு மெதுவாக வருகிறது என்பதற்கும் எங்கள் ஆறே சாட்சி. சிலாங்கூர் ஆற்றோடு கீழே போனால் கம்போங் குவாந்தான். இரவில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணையும். படகில் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஆசியாவுக்கு வந்த மேலைநாட்டுப் பயணிகள் இப்படிப்பட்ட காட்சியை எழுதி அனுப்பியபோது அங்கே பலர் நம்பவில்லை. 1917-இல், அதே தென்னமரம் ஆண்டில், பிலிப் லாரென்ட் என்பவர் சயன்ஸ் இதழில் எழுதினார்: தானும் முன்பு ஒருமுறை அப்படிப் பார்த்ததாக நினைத்ததாகவும், பூச்சிகளிடம் இப்படி நடப்பது இயற்கை விதிகளுக்கே முரண் என்பதால், தன் கண்ணிமை துடித்ததில் அப்படித் தோன்றியிருக்க வேண்டும் என்றும். கண்ணிமையாம்! ஒவ்வொரு மின்மினிக்குள்ளும் ஒரு தாளக்கணக்கு உண்டு, பக்கத்து மின்மினியைப் பார்த்து அது தன் தாளத்தைத் திருத்திக்கொள்கிறது, தலைவன் என்று யாரும் இல்லை என்பது பின்னாளில்தான் புரிந்தது. 1916-இல் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி, மின்மினிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு விளக்கேற்றுகின்றன என்று கதை எழுதியிருந்தால், அதன் கீழும் நீங்கள் எழுதிய அதே வரி இருந்திருக்கும்.

1962-இல் அமெரிக்காவில் மாடலின் லெங்கிள் என்பவரின் சிறுவர் நாவல் ஒன்று வெளிவந்தது. இயற்பியலும் உண்டு, நட்சத்திரங்களாக இருந்த விசித்திரக் கிழவிகளும் உண்டு. எந்த அலமாரியில் வைப்பதென்று தெரியாமல் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அடுத்த வருஷம் அந்நாட்டின் நியூபெரி பதக்கம் அதற்குத்தான். பதக்கம் கொடுத்ததும் ஒரு நடுவர் குழுதான்.

பரிசை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. அந்தப் பையன் கோப்பையோடு எடுத்த படம் அவன் வீட்டுக் கூடத்தில் மாட்டியாகிவிட்டிருக்கும், அது அங்கேயே இருக்கட்டும். அடுத்த போட்டிக்குள் ஏழாவது விதியை எடுத்துவிடுங்கள். அந்த இடம் காலியாக இருப்பது உறுத்தினால், கதை தானே வைத்துக்கொண்ட விதியைக் கதை மீறக்கூடாது என்று போடுங்கள். அது ராக்கெட்டுக்கும் பொருந்தும், வண்டுக்கும் பொருந்தும், பூதத்துக்கும் பொருந்தும். அறிவியல், மாயம் என்ற இரண்டு பிரிவையும் பன்னிரண்டு வயதுக்குக் கீழே ஒன்றாக்கிவிட்டால் இன்னும் நல்லது. பெரியவர்கள் பிரித்துக்கொள்ளட்டும், அவர்களுக்கு அலமாரி வேண்டும்.

அப்புறம் மீனாவின் தாளை எடுத்துக் காலியாக இருக்கும் கட்டங்களில் மதிப்பெண் போட்டு அனுப்புங்கள். குறைவாகவே போடுங்கள், பரவாயில்லை. ஒற்றுப்பிழை நிறைய இருக்கிறது, நடுவில் மேனேஜர் பெயர் இரண்டு முறை மாறுகிறது, பாட்டி எப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார் என்று சொல்லவே இல்லை. அதற்கெல்லாம் கழியுங்கள். தோற்கும் உரிமையையாவது கொடுங்கள். இப்போது அவள் தோழிகள் கேட்டால் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை, "என் கதையைப் படிச்சாங்களா, படிக்கலையா அக்கா?" என்று என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

இந்த மடலின் அச்சுப் பிரதி உங்கள் முகவரிக்கு அஞ்சலில் வரும். அதோடு ஒரு காகிதப் பையும் இருக்கும். பாட்டி கொடுத்தனுப்பியது. செம்பனை ஆண் பூவின் விரல் போன்ற கிளை ஒன்றைப் பேத்தியின் அப்பாவை விட்டு வெட்டிவரச் சொல்லி, தன் கையாலேயே மடித்து வைத்தார். பிரித்தவுடன் மோந்து பாருங்கள். அஞ்சல்காரர் தாமதித்தால் சோம்பு வாசம் போயிருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை. ஒருவேளை பை மேசைமேல் சில நாள் கிடந்தால் உள்ளிருந்து குட்டி வண்டு ஒன்றிரண்டு ஊர்ந்து வரலாம். கடிக்காது. சன்னலைத் திறந்து விடுங்கள், போய்விடும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் தொந்தரவு செய்யவேண்டாம் என்று மீனா சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
பத்தாங் பெர்சுந்தை நகல் கடை அக்கா